கைக்குப் பழகிய கருவிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் "எதை வாங்கலாம்" என்று கேட்டவர்களைவிட "இந்தக் கருவி எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது" என்று கேட்டவர்கள் அதிகம். எனக்கு நெருக்கமான விஷயம் இது. அதனால் சில பதில்கள் நீண்டிருக்கின்றன, சில இரண்டு வரியில் முடிந்துவிட்டன.

பேட்டரி டிரில், ஜிக்சா, கிரைண்டர் எல்லாம் வைத்திருக்கிறேன். ஆனாலும் கையில் எடுத்ததும் மனசு நிறைவது பழைய சுத்தியலில்தான். இது வெறும் பழக்கமா?

பழக்கமும் உண்டு, ஆனால் அது மட்டும் காரணமில்லை. சுத்தியலுக்கும் உங்கள் கைக்கும் நடுவில் மோட்டார் கிடையாது, கியர் கிடையாது. ஆணி நேராக இறங்குகிறதா, உள்ளே கணுவில் முட்டிவிட்டதா, மரம் பிளக்கப் போகிறதா என்பதெல்லாம் கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடும். காதுக்கும் வரும். ஆணியின் தலை மரத்தில் போய் உட்காரும் அந்தக் கடைசி அடியின் சத்தம் முந்தைய அடிகளைப் போல இருக்காது. கண் பார்ப்பதற்கு முன்னாடியே கைக்குச் சேதி சொல்கிற கருவியைத்தான் மனிதர்கள் நேசிக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். கீழே வரும் பல பதில்களிலும் இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அப்புறம், உங்கள் சுத்தியல் உங்களுக்குப் பொருந்திப் போனதற்குக் கணக்கும் இருக்கிறது. எடையை இரண்டு மடங்காக்கினால் அடியின் ஆற்றல் இரண்டு மடங்காகும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் ஆற்றல் நான்கு மடங்காகும். அதனால்தான் சற்று லேசான தலையும் நீளமான பிடியும் கொண்ட சுத்தியல், கனமான குட்டைச் சுத்தியலைவிட நன்றாக வேலை செய்வதுண்டு. ஆனால் பிடியை நுனியில் பிடித்தால்தான் அந்த நீளத்துக்குப் பலன். தலைக்குப் பக்கத்தில் பிடித்துத் தட்டுகிறவர்கள் பாதிப் பலத்தை விட்டுவிடுகிறார்கள். ஆணியை நிலைநிறுத்தும் முதல் இரண்டு தட்டுக்கு மட்டும் கையை மேலே ஏற்றிப் பிடியுங்கள்.

பிடி ஏன் உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவத்தில் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? தலையின் முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பார்க்காமலே கை தெரிந்துகொள்வதற்காக. மரப்பிடி மாற்ற வேண்டி வந்தால், அடிப்பக்க முனையைத் திருப்பிப் பாருங்கள். ஆண்டு வளையங்களின் கோடுகள் சுத்தியல் வீசப்படும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் அந்தப் பிடி சீக்கிரம் முறியும். முழுக்க ஒரே எஃகில் அடித்த சுத்தியல்களும் உண்டு. அவற்றில் தலை கழன்று பறக்கும் பயம் இல்லை. ஆனால் அதிர்ச்சியை மரம் உறிஞ்சுகிற அளவுக்கு எஃகு உறிஞ்சாது. நாள் முழுக்க அடிக்கிறவர்களுக்கு மணிக்கட்டில் அந்த வித்தியாசம் தெரியும்.

என் டேப்பின் நுனிக் கொக்கி ஆடுகிறது. ரிவெட்டை அடித்து இறுக்கிவிடலாமா?

கூடவே கூடாது! அது ஆடுவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். பலகையின் ஓரத்தில் மாட்டி இழுக்கும்போது கொக்கி அதன் கனம் அளவுக்கு வெளியே வரும். சுவரில் முட்டவைத்து உள்ளளவு எடுக்கும்போது அதே அளவு உள்ளே போகும். இரண்டு விதத்திலும் அளவு சரியாக வருவதற்கான ஏற்பாடு அது. இறுக்கினால் ஏதாவது ஒரு பக்கம் எப்போதும் ஒரு மில்லிமீட்டர் போலத் தவறும். டேப் சுருளும்போது கொக்கி வேகமாக வந்து அடித்தால் அது வளையும், அதையும் தவிர்க்கப் பாருங்கள்.

டிரில் இருக்கும்போது இம்பாக்ட் டிரைவர் எதற்கு? வாங்கியவர்கள் எல்லாம் அதைக் கொஞ்சுகிறார்களே?

நீளமான ஸ்க்ரூவைக் கெட்டி மரத்தில் ஏற்றிப் பாருங்கள், காரணம் புரிந்துவிடும். டிரில் தொடர்ந்து ஒரே சீராக முறுக்குகிறது. ஸ்க்ரூ முரண்டு பிடித்தால் அந்த முறுக்கு அப்படியே உங்கள் மணிக்கட்டுக்குத் திரும்பி வரும். இம்பாக்ட் டிரைவர் வேறு மாதிரி. உள்ளே ஒரு சின்ன எஃகுச் சுத்தியல் சுற்றுகிறது. தடை வந்ததும் அது பின்வாங்கி, சுழன்று வந்து, திருகும் முனையை, அதாவது பிட்டை, பிடித்திருக்கும் அடைகல் மேல் பக்கவாட்டில் மோதுகிறது. நிமிஷத்துக்கு 3,000 தடவைக்கு மேல் இப்படி நடக்கும். மோதல் உள்ளேயே நடப்பதால் கைக்கு வரும் எதிர்முறுக்கு கொஞ்சம்தான். ஒவ்வொரு மோதலும் பிட்டை ஸ்க்ரூவுக்குள் மறுபடி அழுத்தி உட்கார வைப்பதால் வழுக்கலும் குறைகிறது. கையளவு மெஷின் அவ்வளவு பெரிய ஸ்க்ரூவை ஏற்றிவிட்டு கையை வலிக்காமல் விட்டால் யாருக்குத்தான் பிடிக்காது?

இருந்தாலும் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டிரில்லையே வாங்குங்கள். அதன் மூன்று தாடை சக் எந்தப் பிட்டையும் பிடிக்கும், அதில் முறுக்கு அளவை நிறுத்தும் கிளட்ச் இருக்கிறது, துளையும் சுத்தமாக விழும். இம்பாக்ட் டிரைவரில் பெரும்பாலும் கிளட்ச் கிடையாது. சின்ன ஸ்க்ரூவின் தலையை ஒரு நொடியில் திருகி முறித்துவிடும், மெல்லிய பலகையில் தலையை மூழ்கடித்துவிடும். ட்ரிகரில் விரல் பழகும்வரை மென்மையான வேலைக்கு அதை எடுக்காதீர்கள். சத்தமும் அதிகம் என்பதால் காதுக்கு அடைப்பான் வேண்டும்.

மின்கருவி பேட்டரிகளில் 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ் என்று இருக்கின்றன. எது பலமானது?

இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் ஐந்து லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட் என்று கணக்குப் போட்டால் 18. முழுசாகச் சார்ஜ் ஆன நிலையில் செல்லுக்கு 4 வோல்ட் என்று போட்டால் 20. பெட்டியில் பார்க்க வேண்டியது வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கி வரும் எண். 18 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் என்றால் 90 வாட்-ஹவர். எவ்வளவு நேரம் ஓடும் என்பதை அதுதான் சொல்லும்.

நட்சத்திர ஸ்க்ரூ ஏன் எப்போதும் தலை தேய்ந்து வழுக்குகிறது? என் கை பலவீனமா?

கையில் குறை இல்லை. ஹென்றி பிலிப்ஸ் பெயரில் 1930களில் பரவிய அந்தக் கூட்டல் குறித் தலையின் உட்சுவர்கள் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து குவிகின்றன. முறுக்கம் கூடும்போது சாய்ந்த சுவர் பிட்டை வெளியே தள்ளுகிறது. அதைத் தடுக்க நீங்கள் முறுக்கும் அதே நேரத்தில் பின்னாலிருந்து அழுத்தவும் வேண்டியிருக்கிறது.

ஆனால் வழுக்குவதற்குப் பெரிய காரணம் வேறு: தலைக்கும் முனைக்கும் பொருத்தமின்மை. கூட்டல் குறிக்கு இடையே 45 டிகிரியில் நான்கு மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பிலிப்ஸ் இல்லை, போசிடிரிவ். அதற்கு பிலிப்ஸ் முனை உட்காருகிற மாதிரி இருக்கும், திருகியதும் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஜப்பானிய மெஷின்களில் வரும் கூட்டல் தலையும் கொஞ்சம் வேறு. பல ஸ்க்ரூக்களில் ஒரு சின்னப் புள்ளி அடையாளமாக இருக்கும். அளவும் முக்கியம். பெரும்பாலான மர ஸ்க்ரூக்களுக்கு 2-ம் எண் முனை வேண்டும். கைக்கு அகப்பட்ட 1-ம் எண்ணைப் போட்டுத்தான் பலர் தலையைக் கெடுக்கிறார்கள்.

புதிதாக ஸ்க்ரூ வாங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு ஆறு இதழ் கொண்ட டார்க்ஸ் தலை. 1967-ல் வந்தது. சுவர்கள் செங்குத்தாக இருப்பதால் முறுக்கம் முழுசும் சுற்றவே போகிறது. கனடாவில் அதற்கும் ஏறக்குறைய அறுபது வருஷம் முன்னாடியே ராபர்ட்சனின் சதுரத் தலை வந்துவிட்டது. முனையில் ஸ்க்ரூவை மாட்டினால் கையை எடுத்த பிறகும் விழாமல் நிற்கும். அங்கே தச்சு வேலை செய்கிறவர்கள் இன்றும் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

தாத்தா விட்டுப்போன இரும்பு இழைப்புளி துரு ஏறிக் கிடக்கிறது. அலங்காரமாக வைக்க மனசில்லை, ஓட்டிப் பார்க்கவே ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஓட்டித்தான் பார்க்கணும். நல்ல பழைய இரும்பு இழைப்புளி எளிதில் சாவதில்லை. வார்ப்பில் விரிசல் இல்லாமல், அலகில் இன்னும் நீளம் மிச்சமிருந்தால் போதும்.

முதலில் முழுசாகக் கழற்றுங்கள். எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மேலோட்டமான துருவை மண்ணெண்ணெய் தொட்ட இரும்புப் பஞ்சால் தேய்த்து எடுக்கலாம். ஆழமான துரு ஏறிய சின்ன பாகங்களை ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டு, காலையில் சோடா கலந்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசிவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் கண்ணெதிரே மறுபடி துரு பூக்கும்.

அடுத்து அடிப்பாகம். கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, அடிப்பாகத்தில் பேனாவால் குறுக்குக் கோடுகள் போட்டு, முன்னும் பின்னும் தேயுங்கள். அலகைக் கழற்றிவிட்டுத் தேய்க்காதீர்கள். அதை உள்ளே இழுத்த நிலையில் மாட்டி இறுக்கிவிட்டே தேய்க்கணும். இறுக்கத்தில் வார்ப்பு இம்மி வளையும், வேலை செய்யும்போது இருக்கிற அதே வளைவில்தான் தட்டையாக்க வேண்டும். கோடு எல்லா இடத்திலும் அழிய வேண்டிய அவசியமில்லை. முன் விளிம்பு, அலகு வெளியே வரும் வாயின் முன்னோரம், பின் விளிம்பு, இந்த மூன்று இடமும் ஒரே மட்டத்தில் வந்தால் போதும்.

இனி அலகு. வேகமாகச் சுற்றும் சாணைச் சக்கரத்தில் வைத்து அழுத்தாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். விளிம்பு வைக்கோல் நிறமாகி, பழுப்பாகி, நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது. எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது, நீலம் பாய்ந்த பகுதி தேய்ந்து தீரும்வரை இதே கதைதான். சாணைக்கல்லில் கையாலேயே தீட்டுங்கள். சரிவு 25 டிகிரி, நுனியில் மட்டும் 30 டிகிரிக்கு ஒரு மெல்லிய இரண்டாவது சரிவு. 1000 எண் கல்லில் தீட்டும்போது அலகின் பின்பக்கம் விரலை விளிம்பை நோக்கி மெல்ல வருடினால் சுணை போல ஒன்று நெருடும். முழு அகலத்துக்கும் அது வந்த பிறகுதான் நயமான கல்லுக்குப் போக வேண்டும். அலகின் பின்பக்கமும் நுனியை ஒட்டிக் கண்ணாடியாக இருக்கணும். கூர் என்பது இரண்டு பக்கங்கள் சந்திக்கிற இடம். ஒன்றை மட்டும் தீட்டிப் பயனில்லை.

அலகின் மேல் உட்காரும் இரண்டாவது தகட்டை நுனியிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பின்னால் வைத்து இறுக்குங்கள். நார் பிய்யாமல் இருப்பதற்கு அந்தத் தகடுதான் காரணம். சீவல் கிளம்பியதுமே அதை மடித்துவிடுகிறது, அதனால் அலகுக்கு முன்னால் நார் கிழிந்து ஓட முடிவதில்லை.

முதலில் அலகு எதையும் தொடாத நிலையில் தள்ளுங்கள். ஒவ்வொரு தள்ளுக்கும் இம்மி இம்மியாகக் கீழே இறக்குங்கள். ஒரு கட்டத்தில் முதலில் தூள் வரும், பிறகு துண்டு துண்டாகச் சீவல், பிறகு பலகையின் முழு நீளத்துக்கும் ஒரே நாடா வாயிலிருந்து சுருண்டு எழும். அந்தப் பக்கம் இருக்கும் எழுத்து தெரிகிற அளவு மெல்லிசாக அதை எடுக்கலாம். அந்த நேரத்தில் இழைப்புளி போடும் சத்தம் 'ஸ்ஸ்' என்று மாறும், தள்ளுகிற கையில் தடையே இராது. உப்புத்தாள் தேய்த்த மரத்தில் பார்க்க முடியாத ஒரு பளபளப்பு அந்தப் பலகையில் வரும். காரணம், நார்கள் தேய்க்கப்படாமல் அறுபட்டிருக்கின்றன.

மரக் கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசலாம். ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய் தொட்ட துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது வெப்பத்தை வெளிவிடும். கசங்கிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கி, யாரும் நெருப்பு வைக்காமலே தீப்பற்றும். துணியை வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போடுங்கள்.

இழுத்து அறுக்கும் ஜப்பானிய ரம்பத்தைப் பற்றி எல்லாரும் புகழ்கிறார்கள். உண்மையிலேயே அவ்வளவு நல்லதா?

நல்லதுதான். தள்ளும்போது தகடு நசுங்கி வளையப் பார்க்கும், அதனால் தள்ளி அறுக்கும் ரம்பத்தைக் கனமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. இழுக்கும்போது தகடு தானாகவே விறைத்து நேராகிறது. எனவே அதை மெல்லிசாகச் செய்யலாம். மெல்லிய தகடு என்றால் குறைந்த மரம் அறுபடும், குறைந்த பலம் போதும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் அதில் முதல் நாளே நேர்கோடு அறுப்பதைப் பார்த்திருக்கிறேன். ரியோபா என்கிற வகையில் ஒரு பக்கம் நாரோடு அறுக்கும் பல், மறுபக்கம் நாருக்குக் குறுக்கே அறுக்கும் பல்.

இரண்டு சங்கடங்கள் உண்டு. மரத்தூள் உங்கள் பக்கமே வந்து கோட்டை மறைக்கும். இன்று விற்கும் பெரும்பாலானவற்றில் பல்லின் நுனி மிகக் கடினமாகப் பதப்படுத்தப்பட்டிருப்பதால் அரம் போட்டுத் தீட்ட முடியாது, தகட்டையே மாற்ற வேண்டும். தானே தீட்டிக்கொள்வதில் சுகம் காண்கிறவர்களுக்கு முக்கோண அரம் ஏறுகிற பழைய பாணி ரம்பமே ஏற்றது.

ஆங்கிள் கிரைண்டரைத் தொடவே பயமாக இருக்கிறது. என் நண்பரோ அதுதான் உலகத்திலேயே சிறந்த கருவி என்கிறார்.

இருவர் சொல்வதும் சரி. இரும்பை அறுக்கும், வெல்டிங்கை மட்டமாக்கும், கல்லை வெட்டும், துருவைச் சுரண்டும், மண்வெட்டிக்குக் கூர் போடும். வேறு எந்த ஒற்றை மெஷினும் இத்தனை செய்வதில்லை. 1954-ல் ஜெர்மனியில் ஃப்ளெக்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. அங்கே அந்தப் பெயரே கிரைண்டருக்குப் பொதுப்பெயராகிவிட்டது.

பயத்துக்கும் காரணம் உண்டு. சாதாரண வெட்டுச் சக்கரத்தின் விளிம்பு வேக வரம்பு நொடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சக்கரம் உடைந்தால் துண்டுகள் எங்கே போகும் என்பதை மனசில் வைத்தே எல்லா விதிகளும் வந்திருக்கின்றன. சக்கரத்தை மறைக்கும் பாதுகாப்பு மூடியைக் கழற்றாதீர்கள். பெரிய சக்கரம் நுழையணும் என்று மூடியைக் கழற்றுவதுதான் நான் கேள்விப்படுகிற விபத்துகளில் அடிக்கடி வரும் தொடக்கம். சக்கரத்தில் அச்சிட்ட சுழல்வேகம் மெஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் உள்ள உலோக வளையத்தில் மாதமும் வருஷமும் அச்சிட்டிருந்தால் அது காலாவதி தேதி. சக்கரத்தைச் சேர்த்துப் பிடிக்கும் பிசின் நாளடைவில் பலமிழக்கும். கீழே விழுந்த சக்கரத்தை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். மெல்லிய வெட்டுச் சக்கரத்தின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்காதீர்கள். மரம் அறுக்கும் பல் சக்கரத்தை கிரைண்டரில் மாட்டவே மாட்டாதீர்கள். பல் மரத்தில் கடித்ததும் மெஷின் உங்கள் மேல் எகிறும், பிடித்து நிறுத்துகிற அளவுக்கு எந்தக் கைக்கும் வேகம் கிடையாது.

கண்ணாடியோடு முகக் கவசமும் போட்டு, பக்கக் கைப்பிடியை மாட்டி, இரண்டு கையாலும் பிடித்து, சக்கரத்தின் நேர்கோட்டில் நிற்காமல் ஒதுங்கி நின்று தொடங்குங்கள். பயம் குறைந்த பிறகும் இந்தப் பழக்கம் குறையக் கூடாது.

டிரில் ஸ்டாண்டில் துளை போடும்போது கையுறை போடலாமா?

வேண்டாம். சுற்றும் பிட்டில் துணி நுனி சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். தொங்கும் சட்டைக்கையும் அப்படியே. பொருளைக் கையால் பிடிக்காமல் வைஸில் இறுக்குங்கள்.

கைக்கருவிக்காரர்கள் மின்கருவியைச் சற்று இளக்காரமாகப் பேசுகிறார்களே, நியாயமா?

எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. மின்கருவிகளில் மனிதர்கள் நேசிப்பவற்றை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் கையை மனசில் வைத்துச் செய்தது. ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1895-லேயே கையில் தூக்கும் மின்சார டிரில்லைச் செய்துவிட்டது. ஆனால் இன்று நாம் பிடிக்கிற மாதிரி, துப்பாக்கிப் பிடியும் விரலால் இழுக்கும் ட்ரிகரும் பிளாக் அண்டு டெக்கருக்கு 1917-ல் கிடைத்த காப்புரிமையோடுதான் வருகின்றன. ஒரு கையால் பிடித்து, அதே கையின் விரலால் ஓட்டி நிறுத்தலாம் என்று ஆன பிறகுதான் டிரில் வீடுகளுக்குள் நுழைய முடிந்தது. ஜிக்சாவின் கதை இன்னும் அழகு. ஸ்விட்சர்லாந்தில் ஆல்பர்ட் காஃப்மன் என்ற பொறியாளர் 1946-ல் தையல் மெஷினின் ஊசியை எடுத்துவிட்டு அங்கே ரம்பத் தகட்டை மாட்டிப் பார்த்தார். அதிலிருந்து பிறந்தது அது. வளைவை அறுக்கும்போது ஜிக்சா கோட்டைத் தொடர்கிற விதத்தில் அந்தத் தையல் மெஷின் இன்னும் தெரிகிறது.

பத்துப் பலகையை ஒரே கனத்துக்குக் கொண்டுவர மெஷின்தான் வேண்டும். அந்தப் பலகைகளில் ஒரு இணைப்பு கடைசி இம்மியில் பொருந்தாதபோது உளிதான் வேண்டும். இரண்டையும் மதித்து வைத்திருக்கிற பட்டறையில்தான் நல்ல வேலை நடக்கிறது.

உங்களுக்கு ஒரே ஒரு கருவிதான் என்றால் எதை எடுப்பீர்கள்?

ஒன்று போதாது, இரண்டாகத் தாருங்கள்: காம்பினேஷன் ஸ்கொயர் என்கிற நகரும் தலை கொண்ட மூலைமட்டம், மரத்தில் கோடு கீறிக் குறிக்கும் கத்தி. ஒன்றில்லாமல் மற்றது அரைகுறை.

அமெரிக்கரான லாராய் ஸ்டாரெட் 1879-ல் காப்புரிமை வாங்கிய ஸ்கொயர் அது. ஒரே பட்டையில் நகரும் தலை. 90 டிகிரி, 45 டிகிரி, ஆழம் பார்ப்பது, ஓரத்துக்கு இணையாகக் கோடு இழுப்பது, எல்லாம் முடியும். தலையைத் தேவையான இடத்தில் இறுக்கிவிட்டால் அளவை எண்ணாக நினைவில் வைக்கத் தேவையே இல்லை. ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்கு அளவு அப்படியே நகர்கிறது. அளந்து, எழுதி, திரும்ப அளப்பதில் வரும் பிழை முழுசும் ஒழிந்துபோகிறது.

பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு. கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற சந்தேகம் கடைசிவரை போகாது. கத்திக் கோட்டுக்கு அகலமே கிடையாது, நார் ஏற்கெனவே அறுபட்டிருக்கிறது. உளியை அதன் மேல் வைத்து மெல்ல நகர்த்தினால் நுனி அந்தக் கீறலில் 'டிக்' என்று விழுவது விரலுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டும் உளியைச் சரியான இடத்தில் வைக்கலாம்.

வாங்கும் முன் ஸ்கொயரைச் சோதியுங்கள். நேரான ஓரமுள்ள பலகையில் தலையை அழுத்தி ஒரு கோடு கீறுங்கள், ஸ்கொயரைப் புரட்டிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு கீறுங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் நல்லது. V மாதிரி விரிந்தால் அந்த விரிவில் பாதிதான் ஸ்கொயரின் பிழை. ரசமட்டத்துக்கும் இதே சோதனைதான். ஒரு இடத்தில் வைத்துக் குமிழியைப் பாருங்கள், முனை மாற்றி அதே இடத்தில் வையுங்கள், குமிழி அதே இடத்தில் நிற்க வேண்டும். கத்தியில் ஒரு பக்கம் மட்டும் சரிவு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். தட்டையான பக்கம் பட்டையை ஒட்டி ஓடணும். முதல் இழுப்பில் அழுத்தாதீர்கள், லேசாக ஒரு தடவை, பிறகு இரண்டாவது மூன்றாவது இழுப்பில் ஆழம் எடுங்கள்.